வாட்ச்மேன் கேட்ட கேமரா

கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற தொழிலில் சுவரில் ஓட்டை போடுவதுதான் சுலபமான வேலை. ஓட்டை போடலாமா வேண்டாமா என்று வாடிக்கையாளர் இணையத்தில் பார்த்து முடிப்பதற்குள் ஏணியில் நிற்பவனுக்குக் கால் மரத்துவிடும். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கேமரா, இன்வெர்ட்டர், வாசலில் நிற்பவரைச் செல்போனில் காட்டும் அழைப்பு மணி எல்லாம் விற்பேன், நானே போய் மாட்டியும் கொடுப்பேன். செல்போன் விற்பவர்களே, மிக்சி விற்பவர்களே, மின்சார ஸ்கூட்டர் விற்பவர்களே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. முன்பெல்லாம் வாடிக்கையாளர் மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார். மச்சானுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது முகம் தெரியாத ஆயிரம் மச்சான்களைச் செல்போனுக்குள் வைத்துக்கொண்டு வருகிறார். அத்தனை பேருக்கும் நான் எங்கே போய்க் காபி வாங்குவது?

கீழே உள்ளவற்றில் முதல் இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். மற்றவை எல்லாம் ஒரே வீட்டில் நடந்தவை. அங்கே ஒரு மனிதரின் பிழைப்பு போனது. அதனால் சிரிப்பு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிரிக்காத டப்பா

தேவகோட்டையில் ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் அழைப்பு மணி கேட்டிருந்தார். பாதி வேலையில் "நிறுத்துங்க தம்பி" என்றார். அந்த மணிக்கு யாரோ ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார்களாம். இறங்கிப் போய் அவர் செல்போனை வாங்கிப் பார்த்தேன். மணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பார்சல் கொண்டுவந்த ஆள் மாடி ஏறி வரவில்லை என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார், அவ்வளவுதான். விளக்கிச் சொன்னேன். "இருந்தாலும் ஒரு நட்சத்திரம் ஒரு நட்சத்திரம்தானே" என்றார்.

"நீங்க எதுக்காச்சும் நட்சத்திரம் போட்டிருக்கீகளா சார்?" என்று கேட்டேன். பெருமையாகச் செல்போனைத் திறந்து காட்டினார். கால் பிடித்துவிடும் மெஷினுக்கு ஐந்து நட்சத்திரம், கூடவே 'மிகச் சிறந்த பொருள், அனைவரும் வாங்கலாம்' என்று ஒரு வரி. அந்த மெஷின் எங்கே என்றேன். பீரோ மேல் கையைக் காட்டினார். டப்பாவில் ஒட்டிய டேப் கூடக் கிழிபடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "இன்னும் பிரிக்கல தம்பி. வந்த அன்னைக்கே எப்படி இருக்குன்னு கேட்டு மெசேஜ் அனுப்பிட்டாக. கேட்டவுகளுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையா?"

முகத்தைப் படிக்கும் கேமரா

காரைக்குடியிலேயே ஒரு டீச்சரம்மா. பகலில் மாமியாரும் குழந்தையும் மட்டும் வீட்டில் இருப்பதால் கூடத்தில் ஒரு கேமரா வேண்டும் என்றார். முன்பணம் கூடக் கொடுத்தாயிற்று. மாட்டப் போன அன்று வேண்டாம் என்கிறார். ஏதோ வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தாராம்: புதுக் கேமராவில் செயற்கை அறிவு இருக்கிறது, ஆளின் முகத்தைப் பார்த்தே மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடித்துவிடும் என்று. அம்மா, இது வந்தது ஆளா நாயா என்று மட்டும்தான் சொல்லும், அதையும் பல நேரம் மாற்றித்தான் சொல்லும் என்று நானும் மன்றாடினேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எங்க மாமியாவும் நானும் ஒரே வீட்டுல இருக்கோம் தம்பி. மனசுல நினைக்கிறதெல்லாம் வெளிய தெரிஞ்சா இந்தக் குடும்பம் தாங்காது."

இருபத்து மூன்று பங்கு

கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. அதற்கு இருபத்து மூன்று பங்காளிகள். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை முன்னோருக்குப் படைப்பு போட எல்லோரும் வருவார்கள், இரண்டு நாளில் போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில் இருப்பது வாட்ச்மேன் வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும்தான். அறுபதை நெருங்கியவர். மனைவி தவறிவிட்டார், மகளை மானாமதுரையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்து அறையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறார். அத்தனை அறைச் சாவியும் அவரிடம்தான்.

கேமரா வேண்டும் என்று என்னைத் தேடி வந்தது முதலாளிகள் இல்லை, இவர்தான். அதற்கு முந்தின படைப்பின்போது பந்தியில் உட்காரப் போடும் மணைப் பலகை நாலைக் காணோம் என்று இவரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் மணை நாலும் கட்டிலுக்கடியில் கிடந்தது. கிடைத்ததைப் பற்றி இவரிடம் யாரும் வாய் திறக்கவில்லையாம். இதுவரை எத்தனையோ வாட்ச்மேன்கள் 'கேமரா வேண்டாம்னு சொல்லுங்க தம்பி' என்று என் காதைக் கடித்திருக்கிறார்கள். தன்னைப் பார்க்கக் கேமரா கேட்டு வந்த வாட்ச்மேன் இவர் ஒருவர்தான். "நான் உள்ள போறது, வாறது, கையில என்ன இருக்கு, எல்லாம் அதுல தெரியணும் தம்பி. அப்பத்தான் என் பேரு கெடாம இருக்கும்."

அடுத்த மாடல்

பொதுவீட்டில் ஒரு பங்காளி வேண்டாம் என்றாலும் ஆணி கூட அடிக்க முடியாது. சென்னையிலிருக்கும் மெய்யப்பன் அண்ணன்தான் அவர்களுக்குள் மூத்தவர். அவர் பங்காளிகளின் வாட்ஸப் குரூப்பில் என்னையும் சேர்த்துவிட்டார், ஆலோசனை சொல்ல. காசு அங்கே ஒரு பேச்சே இல்லை. கருத்துதான் பேச்சு. நான் சொன்ன கேமரா மழையில் நனைந்தால் போச்சு என்று யாரோ எழுதியதைச் சிங்கப்பூர்க்காரர் அனுப்பினார். அதன் வெளிச்சத்துக்குப் பல்லி வரும் என்று இன்னொருவர் எங்கோ படித்திருந்தார். அமெரிக்காவிலிருப்பவர், அதன் வழியாக யாரோ வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள் என்று நீளமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அனுப்பினார். காலி வீட்டை எட்டிப் பார்த்து அவன் என்னதான் செய்வான் என்று கேட்டேன். அதற்கும் ஒரு கட்டுரை அனுப்பினார். சும்மா படுத்துக்கொண்டு எவனோ தட்டிவிட்ட வரி ஒவ்வொன்றையும் இவர்கள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். கேமராவைக் கையால் தொட்டவன் அந்தக் குரூப்பில் நான் ஒருவன்தான். என் பேச்சை மட்டும் வியாபாரி பேச்சு என்று தள்ளிவிட்டார்கள்.

பதினான்கு மாதம் ஓடியது. நடுவில் ஒரு படைப்பும் வந்து போனது. மூன்று மாடல் வந்து மூன்றும் பழசாகிவிட்டன. 'ஆறு மாதம் பொறுங்கள், புதுசு வருகிறது' என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வெள்ளைச்சாமி அண்ணன் வாரம் தவறாமல் கடைக்கு வந்து, அங்குட்டு என்ன பேசிக்கிறாக என்று கேட்பார். எது நல்ல கேமரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "நல்லதா வேணாம் தம்பி. ஆளு தெரிஞ்சாப் போதும்."

மங்குத் தூக்கு

அவர் பயந்தது நடந்தது. மெய்யப்பன் அண்ணனின் வீட்டுக்கார ஆச்சி, அதாவது அவர் மனைவி, ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், மாடி அறையைத் திறந்திருக்கிறார். ஐந்தடுக்கு மங்குத் தூக்கைக் காணோம். சாப்பாடு எடுத்துப்போகும் அடுக்குப் பாத்திரம் அது; மங்கு என்றால் எனாமல் பூசினது, அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து வந்தது. இது பச்சை நிறம், மூடியில் மயில் போட்டது. பழம்பொருள் வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கும் சாமான். குரூப்பில் அன்று கேமராப் பேச்சே இல்லை. ஆள் ஆளுக்கு வெள்ளைச்சாமி அண்ணனைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள், இத்தனை வருஷத்தில் அவரோடு நாலு வார்த்தை பேசாதவர்கள் கூட. இரண்டு நாளில் அவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு மானாமதுரை பஸ் ஏறினார்.

நான் குரூப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். கேமரா கேட்டு நடையாக நடந்தவர் அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆர்டர் போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. மெய்யப்பன் அண்ணனிடம் மட்டும் தனியாகப் போனில், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நாங்க யாரையும் சந்தேகப்படல தம்பி. சாவி யார்ட்ட இருந்துச்சுன்னு மட்டும்தான் கேட்டோம்."

மூன்றே நாள்

இப்போது வீட்டில் ஆள் இல்லை. மூன்றே நாளில் இருபத்து மூன்று பேரும் கட்டை விரலை உயர்த்திச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மழையும் இல்லை, பல்லியும் இல்லை. முதன்முதலில் நான் சொன்ன அதே மாடலைத்தான், பழசு என்று மூலையில் கிடந்ததை எடுத்துக்கொண்டுபோய் எட்டு இடத்தில் மாட்டினேன். எட்டாவது கேமரா வெள்ளைச்சாமி அண்ணன் இருந்த அறைக் கதவைப் பார்த்தபடி இருக்கிறது. இனி வாட்ச்மேன் தேவையில்லை என்றும் அன்றே முடிவானது. செல்போனில் எட்டுப் படமும் தெரிந்ததும் மெய்யப்பன் அண்ணன் குரூப்பில் பேசி அனுப்பினார்: "எவ்வளவு தெளிவா இருக்கு! இத மொதல்லயே செஞ்சிருக்கலாம். ஏன்தான் இத்தன நாளு லேட்டாச்சோ!"

தரை துடைக்கும் மெஷின்

அடுத்த வாரம் பெங்களூர்ப் பங்காளி சேது ஒரு வீடியோ போட்டார். வீட்டுக்குள் தானாக ஓடித் தரை துடைக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார், அதைப் பற்றிப் பத்து நிமிஷம் கருத்து. மெஷின் சோபாவுக்கடியில் போய்த் திரும்பி வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பின்னால் கண்ணாடி அலமாரி மேல் பச்சை நிறத்தில் ஐந்தடுக்குத் தூக்கு இருந்தது. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் மயில்.

குரூப்பில் சத்தம் பலமாக இருந்தது: தலைமுடி சிக்குமா, மாடிப்படி ஏறுமா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? நான் எழுதினேன்: 'அலமாரி மேல் இருப்பது கோட்டையூர் வீட்டு மங்குத் தூக்குதானே?' பாதி நாள் மாடிப்படிப் பேச்சே ஓடியது. பிறகு சேது எனக்குத் தனியாக எழுதினார். படைப்பு முடிந்து கிளம்பும்போது அழகாக இருக்கிறதே என்று காரில் வைத்து எடுத்து வந்தாராம், குரூப்பைத் தினமும் படிப்பதில்லையாம். நல்ல பையன்தான், பொய் சொல்லவில்லை. குரூப்பில் என் கேள்விக்கு ஒரு கட்டை விரல் மட்டும் போட்டார். வெள்ளைச்சாமி என்ற பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. சாயங்காலம் மெய்யப்பன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "பழசக் கிளற வேணாம் தம்பி. அந்த மெஷின் நம்ம வீட்டு ஆத்தங்குடித் தரைக் கல்லுல கீறல் விழுக வைக்குமான்னு பாத்துச் சொல்லுங்க."

மானாமதுரைக்கு ஒரு போன்

வெள்ளைச்சாமி அண்ணனுக்கு நானே போன் செய்தேன். தூக்கு கிடைத்துவிட்டது, யார் எடுத்தது என்று சொன்னேன். மருமகன் வீட்டில், வேலையை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உடம்புக்கு முடியலை என்று சொல்லி வைத்திருந்தாராம். 'இனிமே உள்ளதச் சொல்லலாம்' என்றார். பங்காளிகள் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டார். "கேமரா மாட்டியாச்சுண்ணே" என்றேன். இனி வாட்ச்மேன் வேண்டாம் என்பதை அதிலேயே புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் புரிந்துகொண்டது வேறு. எதிர்முனையில் அவ்வளவு சந்தோஷம்: "போட்டாச்சா! நான் கேட்டதுதான தம்பி அது. இனி என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல? சரி, நான் என்னைக்குக் கெளம்பி வரட்டும்?"

எந்தப் பொருளுக்கும் ஊர் உலகமே கருத்துச் சொல்ல ஓடி வருகிற இந்தத் தொழிலில், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கருத்துச் சொல்ல மட்டும் எனக்கு இன்றுவரை ஓர் ஆள் கிடைக்கவில்லை.