சாவடிச் சுவரில் இருந்த பேர்

ஆய்க்குடி முப்பிடாதியம்மாள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களை அவள்தான் வாசித்துச் சொல்வாள். அவள் தம்பி நம்பிராஜனின் மகன் மலபாரில் போலீஸில் இருந்தான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், வாசிக்கும் அத்தைக்கென்று ஒரு வரி எழுதுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். தன் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தாள். பிறகு அவள் புருஷன் இறந்துபோனார். சாவடிச் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டினார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆட்சேபமும் சொல்லலாம். துக்கம் கழியாதவள் வீதியில் இறங்கக் கூடாதென்பதால் தம்பியை அனுப்பினாள். அவன் கிராம முன்சீப்பிடம் கேட்டுவந்து, பேர் இருக்கிறது என்றான். அந்தச் சந்தோஷத்தில், காங்கிரஸின் மஞ்சள் பெட்டியில்தான் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் குத்தகைக்கு உழுதது, காங்கிரஸை எதிர்த்து நின்ற பண்ணையாரின் வயல்.

துக்கம் கழிந்து அவள் முதன்முதல் வெளியே வந்ததே ஓட்டுப் போடத்தான். பட்டியலில் அவள் பேர் அடித்து நீக்கப்பட்டிருந்தது. ஆட்சேபம் வந்தது, விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பியும் நீங்கள் வரவில்லை என்றார்கள். அவள் எந்த நோட்டீஸையும் பார்க்கவில்லை.

மறுவாரம் வண்டி பிடித்துத் தென்காசி தாலுகா கச்சேரிக்குப் போனாள். குமாஸ்தா ஆட்சேபக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். முப்பிடாதியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மனுவை வேறு யாரோ எழுதினார்கள் என்றிருந்தது. கீழே நம்பிராஜன் கையெழுத்து. நோட்டீஸை வாங்கிக்கொண்டதும் அவனே. அவனுக்கு எழுத வருவது அந்தக் கையெழுத்து ஒன்றுதான், பழக்கிவிட்டவள் அவள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"ஒன் ஓட்டு அங்கன விழுந்தா, நான் பண்ணையார் முகத்துல எப்படிக்கா முழிக்க? போகுது, ஒரு ஓட்டுதானே."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லே," என்றாள். "சண்டை போட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

பங்குனியில் மலபாரிலிருந்து கடிதம் வந்தது. மருமகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்ததால், நம்பிராஜன் வயலிலிருந்து கால் கழுவாமலே அதைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கி, மேல்விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நீதானலே ஒப்பம் போட்டிருக்கே."

அவன் தபால்காரரைத் தேடி ஓடினான். அவர் தெருவில் நின்றே வாசித்தார். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அத்தைக்கென்று எழுதியிருந்த வரியையும் அவரே வாசித்தார். கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.