ஸ்டெல்லா மிஸ்ஸின் கால் நடுங்கவில்லை

ஸ்டெல்லா மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குக் கைத்தொலைபேசியில்தான் வந்தது. அனுப்பியவர் அவருடைய அண்ணன் மகன் ரொஷான். ஒரு படம்: மெழுகுதிரி, ரோசாப்பூ, அவற்றின் கீழே மிஸ்ஸின் பழைய வெள்ளைக் கார். காரில் சாய்ந்தபடி கறுப்புக் கண்ணாடியோடு ரொஷான் நிற்கிறார். மிஸ் படத்தில் இல்லை. "மாமியைக் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்தோம். கால் நடுக்கத்தோடு கார் ஓட்டியவரை எத்தனையோ ஆபத்திலிருந்து காப்பாற்றினோம்" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அஞ்சலி எழுதுகிறவன் அமைதியாகத் தொடங்க வேண்டும் என்பார்கள். மன்னிக்கவும், என்னால் முடியவில்லை. மிஸ்ஸின் கால் ஒருநாளும் நடுங்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிஸ் கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் பகுதிக்குத் தலைவி. நான் வெள்ளவத்தையிலிருந்து போய் அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பத்திரத்தில் சரக்கின் நிறை பிழையாகப் போய்விட்டது. மேலாளர் நேரே தட்டச்சு செய்த பெண்ணிடம் போய்க் கத்தினார். அந்தப் பெண் அழத் தொடங்கியதும் மிஸ் எழுந்து நடுவில் நின்றார்.

"ஆளைப் பிடிக்காதீங்க சேர். முதல்ல பிழையைப் பிடிங்க."

அந்தப் பத்திரம் வந்த வழியே ஒவ்வொரு தாளாக எடுத்துப் பின்னோக்கிப் போனார். பிழை மேலாளரே கையெழுத்திட்ட தாளில் இருந்தது. அவர் இருமிவிட்டு உள்ளே போய்விட்டார். அழுத பெண்ணிடம் ஒரு வார்த்தை இல்லை. மிஸ் அந்த மூடிய கதவைப் பார்த்து "சீ" என்றார். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த காலத்து ஜப்பான் கார் ஒன்றை அவர் வைத்திருந்தார். கலியாணம் கட்டாதவர். "எங்க போறீங்க எண்டு என்னைக் கேக்காத ஒரே ஆள் இதுதான் மேன்" என்று அதன் கூரையைத் தட்டுவார். பிறகு இந்த நாட்டில் கார் இறக்குமதி நின்றது; பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. அதுவரை கொட்டாஞ்சேனைப் பக்கம் எட்டியும் பார்க்காத ரொஷானுக்கு மாமியின் மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் காருக்கு ஒரு நோய் வந்தது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக உறுமி ஏறும், தானாக விழும், மறுபடி ஏறும். மெதுவாக ஓடும்போதும் அப்படியே உந்தி உந்திப் போகும். காலி வீதியில் ஒருநாள் முன்னால் நின்ற ஆட்டோவை முட்டப் போய்த் தப்பியது. மருதானையில் ஒரு கராஜில் பிளக்கை மாற்றினார்கள். சரிவரவில்லை. பெற்றோல் பம்பை மாற்றினார்கள். பிறகு சென்சர். அதுவும் சரிவராதபோது, கராஜ் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "காரில பிழை இல்ல. நோனாவுக்கு வயசுதானே" என்று மிஸ்ஸைக் காட்டிச் சொன்னான். ரொஷானுக்கு அது தேவாமிர்தம்.

"வயசு போனா அப்பிடித்தான் மாமி. கால் நடுங்குது. திறப்பைத் தாங்க, நாங்க ஓடுறம்."

திறப்பு போயிற்று. கார்ச் சாவி கையில் இல்லாததால், கோயிலுக்குப் போவதென்றாலும் மருமகனிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டும், அவரோ வரமாட்டார். இரண்டு கிழமை கழித்து மிஸ் பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். முகம் கல்லாக இருந்தது.

"பஸ்ஸில போக எனக்கு வெக்கமில்ல, சிவம். ஆனா என்ட உடம்பைப் பற்றிப் பொய் சொல்லி என்னை பஸ்ஸில ஏத்தேலாது. வாங்க, கராஜுக்குப் போவம். ரொஷானையும் காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்."

கராஜ் முற்றத்தில், பாஸும் ரொஷானும் பார்த்திருக்க, மிஸ் காரில் ஏறி எஞ்சினை ஓடவிட்டார். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சின் ஏறி விழுந்து ஏறி விழுந்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு எங்களோடு வந்து நின்றார். ஆளில்லாத கார் அப்படியே உறுமிக்கொண்டிருந்தது.

"இப்ப ஆருட கால் நடுங்குது?"

மிஸ் பொனட்டைத் திறந்தார். வாய்க்குத் துணி சுற்றிய குறடு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இறப்பர் குழாய்களை ஒன்றொன்றாக நசுக்கினார். ஒன்றை நசுக்குவார், காது கொடுப்பார், விடுவார், அடுத்ததற்குப் போவார். கந்தோரில் தாள் பார்த்த அதே பொறுமை. பின்பக்கம் இருந்த ஒன்றை நசுக்கியதும் எஞ்சின் அடங்கி ஒரே சீராக ஓடியது.

"வெடிப்பால காத்து கள்ளமா உள்ள போகுது. அதால வேகம் ஏறுது. ஏறினதும் கம்பியூட்டர் பெற்றோலை நிப்பாட்டுது, விழுந்ததும் திரும்பக் குடுக்குது. நாள் முழுக்க இதே கூத்து" என்றார்.

அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். வெடிப்பின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பளபளவென்று புது டேப்; ஆனாலும் அதன் ஓரத்தால் காற்றுப் போய்க்கொண்டுதான் இருந்தது. வெடிப்பைக் கண்டவன் அதை மூடி வைத்துவிட்டு, பம்பையும் சென்சரையும் மாற்றி, கடைசியில் பழியை ஒரு வயதான பெண்ணின் காலில் போட்டிருக்கிறான். பாஸ் நிலத்தைப் பார்த்தான். "மாமி, எண்டாலும் உங்கட வயசுக்கு..." என்று ரொஷான் இழுத்தார். மிஸ் அவர் கையிலிருந்த இரண்டாவது திறப்பையும் பறித்துக்கொண்டு "சீ" என்றார். அந்தப் பழைய "சீ"தான்.

புதுக் குழாய் போட்டபின் கார் பூனைபோல ஓடியது. மன்னிப்பு? அன்று மாலையே ரொஷான் குடும்பக் குழுவில், "மாமியின் காரில் இருந்த பிழையை ஒருவாறு கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டேன்" என்று போட்டார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. இப்படியான உறவுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. மிஸ் அதை எனக்குக் காட்டினார்; பதில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காரில் கோயிலுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை அவரே ஓட்டினார். படுத்த அன்றே காரை ரொஷான் கொண்டுபோய்விட்டார்.

அடக்கம் முடிந்து மயான வாசலுக்கு வந்தேன். ரொஷான் அந்த வெள்ளைக் காரில் இருந்தார். எஞ்சின் ஏறி விழுந்து ஏறி விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியும்தானே, இது ஏன் இப்பிடி? சேர்விசுக்கு விட்டு எடுத்ததில இருந்து இந்தக் கூத்துத்தான். பம்ப் மாத்த வேணுமாம் எண்டு பாஸ் சொல்றான்."

எனக்குத் தெரியும். பொனட்டைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. நான் குனிந்து அவருடைய சப்பாத்துக் காலைப் பார்த்தேன்.

"கால் நடுங்குது போல, தம்பி. வயசு போனா அப்பிடித்தான். திறப்பை ஆரிட்டயாவது குடுங்கோ."

சொல்லிவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். அந்த உறுமல் தெருமுனைவரை பின்னால் வந்தது.

போய் வாருங்கள், மிஸ். என்னை மன்னிக்க வேணும். உங்கள் காரில் இந்த முறை நான் பிழையைப் பிடிக்கவில்லை. ஆளைத்தான் பிடித்தேன்.