இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர் ஜலீலா கர்கூரி கணினியைத் திறந்துவிடுகிறார். ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருத்துவமனையில், முதல் மாடியின் கோடி அறை. தோளில் பை தொங்குகிறது, கையில் இன்னும் கார்ச் சாவி. எங்காவது யாராவது தன் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். அதன் பிறகுதான் காபி.

எண்ணிக்கையைப் பார்ப்பது அந்த மாடியில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஜலீலாவின் கோளாறு வேறு. மேற்கோள் காட்டியவரின் கட்டுரையைத் தேடி எடுத்து, தன் பெயர் வரும் வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படிப்பார். சரியாகச் சொல்லியிருந்தால் பச்சைப் பென்சில், தப்பென்றால் சிவப்பு. "கல்யாணத்துக்கு எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ணினா போதுமா? வந்தவங்க என்ன பேசிட்டுப் போனாங்கன்னு தெரிய வேணாமா?" என்பார். சிவப்புப் பென்சில்தான் சீக்கிரம் குட்டையாகிறது.

ஐம்பத்திரண்டு வயது. ஆலிவ் பறிக்கும் குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவர். மதியம் பார்லி ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டே படிப்பதால், உலகத்து ஆராய்ச்சிகளின் மேல் எல்லாம் அவருடைய எண்ணெய்க் கறை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தக் கட்டுரை ஒரு பரிசோதனையைப் பற்றியது. மறதிநோயைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பேனாவே பிடிக்காத கை என்ன செய்யும்? ஜலீலா கேட்பது கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவையை அவிக்கும் முறையை, சந்தைக்குப் போகும் வழியை. மொத்தம் முப்பது மதிப்பெண். படித்தவர் பதினேழுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். பள்ளிக்கே போகாதவர் பதின்மூன்றுக்குக் கீழே போனால்தான். அந்த இரண்டாவது எண்ணுக்காக நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்.

இதுவரை முன்னூற்று நாற்பது மேற்கோள்கள். முதலில் காட்டியவர் தலைநகரத்துப் பெரிய பேராசிரியர் ஒருவர். அவர் பதினேழை எழுதினார், பதின்மூன்றை விட்டுவிட்டார். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை இருநூற்று நாற்பத்தொன்று என்றும் மாற்றிப் போட்டார். பின்னால் வந்தவர்கள் மூலத்தைத் திறக்காமல் அவரைப் பார்த்து எழுதினார்கள். நூற்று எண்பது கட்டுரைகளில் அதே தப்புப் பக்கம். அந்த இதழின் அந்தப் பக்கத்தில் இருப்பதோ பல் சொத்தையைப் பற்றி வேறு யாரோ எழுதியது. விருந்துகளில் ஜலீலா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. கெர்கென்னா தீவிலிருந்து கப்பலேறி ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் மப்ரூக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. கடலில் மண்பானை இறக்கி ஆக்டோபஸ் பிடிப்பவர், எழுத்தறியாதவர். ஏதோ ஒரு தனியார் மருத்துவமனை, பதினைந்து மதிப்பெண், எல்லை பதினேழு, ஆகவே மறதிநோய் என்று சான்றிதழ் கொடுத்திருந்தது. அடியில் ஆதாரமாக ஜலீலாவின் பெயர், பக்கம் இருநூற்று நாற்பத்தொன்று. மகன் துடுப்பை ஒளித்துவைத்துவிட்டுப் படகை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் புத்தி போச்சுன்னு எழுதினவ நீதானா மகளே?" என்றார் மப்ரூக்கா. "ஒரு கயித்துக்கு முப்பது பானை. எனக்கு நாலு கயிறு. எந்தப் பானையில விரிசல்னுகூடச் சொல்றேன், எழுதிக்கோ."

ஜலீலா எழுதிக்கொண்டார். காலை முழுக்கச் சோதித்தார். மறுபடியும் அதே பதினைந்துதான் வந்தது. நோய் எதுவும் இல்லை. சான்றிதழில் பதினேழை அடித்துப் பதின்மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். "அம்மாகிட்ட துடுப்பைக் குடுத்துடுப்பா," என்று மகனிடம் சொல்லி அனுப்பினார்.

இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதப்போவதாக அவர் சொன்னதும் பக்கத்து அறை முனீர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். வியாழக்கிழமை பதவி உயர்வுக் குழு கூடுகிறது. தலைவர் அதே பெரிய பேராசிரியர். இந்த ஒரு முறை விட்டால் ஜலீலாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். "மூணே நாள் பொறுங்கக்கா. பேராசிரியர் ஆயிட்டு ஊரையே திருத்துங்க."

"மூணு நாள்ல எத்தனை வீட்ல துடுப்பை ஒளிப்பாங்க, முனீர்?"

கேட்டுவிட்டாரே தவிர, அன்று கடிதம் எழுதவில்லை. விண்ணப்பத்தில் முன்னூற்று நாற்பது என்று எழுதியது அவர் கைதானே? சிவப்புப் பென்சில் போட்டவற்றையும் சேர்த்துத்தானே அந்தக் கணக்கு? ஐந்து ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் யாருக்கு ஒரு வரி எழுதினார்?

மறுநாள் காலை கணினி முன்னூற்று நாற்பத்தொன்று என்று காட்டியது. ஜலீலா அந்தப் புதிய கட்டுரையைத் திறக்கவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இதழாசிரியருக்குக் கடிதத்தை அடித்து முடித்தார். நகல் யாருக்கு என்ற இடத்தில் குழுத் தலைவரின் முகவரியை முதலாவதாகச் சேர்த்தார். பிறகு இணைப்பாக, பல் சொத்தைப் பக்கத்தை வைத்தார்.