தம்பியின் விரல் பட்ட பூட்டுகள்

என் தம்பி பூட்டில் கை வைக்காத வீடு எங்கள் தெருவில் ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்குக் கதவே இல்லை என்று அர்த்தம். சாவிக்காரர் என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மட்டும்தான் ஞாபகம். அவளும் கோபம் வந்தால்தான் அதை வாயில் எடுப்பாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை இருக்கிறதே, அதன் மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக ஓர் இடம். அதுதான் அவன் கடை. நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து பழகி, வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் குனிந்தே நடப்பான். "நிமிருங்க, இங்க படி இல்ல" என்று பெண்டாட்டி முதுகில் தட்டுவாள். கடையில் ஒரு பலகை, ஓர் இடுக்கி, நாலைந்து அரம், சாவி வெட்டும் சின்ன மெஷின். பின்சுவர் முழுக்க ஆணியடித்து மாட்டிய, இன்னும் வெட்டாத சாவிகள். பஸ் புறப்படும்போதெல்லாம் அத்தனையும் ஒருமுறை சலசலத்து அடங்கும்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். அப்பாவின் தகரப் பெட்டிப் பூட்டைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டான். உள்ளே இருந்த சுருள் கம்பி துள்ளிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடிங்கப்பா, ஆனா கட்டில நகத்திட்டு அடிங்க, கம்பியக் காணோம்" என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓங்கிய கையால் கட்டிலைத்தான் நகர்த்தினார்.

ஊரார் பூட்டையெல்லாம் சரிசெய்தவன் வீட்டுப் பின்கதவுக்கு இன்றுவரை ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "நாளைக்குப் பாக்கறேன்" என்பான். அந்த நாளை அவன் மகளுக்குக் கல்யாணமாகியும் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவே மாட்டான். யாராவது சோப்புக்கட்டியில் சாவியை அழுத்தி அச்செடுத்துக்கொண்டு வந்து, இதற்கொரு சாவி போடு என்றால் விரட்டிவிடுவான். பூட்டு வர வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்காரர் வந்து அவனை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் தொலைத்தவர்களுக்கு அவனே மெழுகில் அச்செடுப்பான். புதுச் சாவி பூட்டில் சரியாகத் திரும்பியதும் அந்த மெழுகை அவர்கள் கண்முன்னால் கட்டைவிரலால் நசுக்கி உருண்டையாக்குவான். "பாத்துக்கோங்க" என்பான். அவசரமாகக் கிளம்புகிறவர்களையும் நிறுத்திவைத்துப் பார்க்கச் சொல்லுவான்.

"எதுக்குடா இந்தக் கூத்து? அவங்க என்ன, நம்பாமலா உன்னைக் கூப்பிட்டாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, அச்சு என்கிட்ட இருந்துச்சுன்னா அந்த வீட்டுல பாதி எனக்குன்னு ஆயிடும். அவங்க ராத்திரி தூங்கணும்ல? நானும் தூங்கணும்."

இப்படிப்பட்டவனைத்தான் அப்படிச் செய்தார்கள்.

எங்கள் தெருமுனை வீட்டில் ஒருவர் இருக்கிறார். அரசாங்கப் பதிவு நிலையத்தில் வேலை. கண்ணையும் விரலையும் மெஷினில் காட்டி அடையாள எண் வாங்குகிறார்களே, அங்கே. அவருடைய நடை பழகும் குழந்தை ஒருமுறை உள்ளறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. குழந்தை உள்ளே கதற, தாய் வெளியே கதற, தம்பி போட்ட சட்டையின் பொத்தானைக்கூட மாட்டாமல் ஓடினான். கண்மூடித் திறப்பதற்குள் கதவு திறந்தது. அந்த மனிதர் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணே, இந்தக் கைய மறக்கவே மாட்டேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு வயதானவர்களுக்கான உதவித்தொகைக்கு விரல் வைத்தால்தான் ஆகும் என்று அறிவித்தார்கள். தம்பிக்கு அதில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. வீடு தேடி வந்து தைரியம் சொன்னவர் அந்தப் பதிவுக்காரர்தான்.

"இது போனா எங்க இருக்கும்?" என்று தம்பி கேட்டான்.

"பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள பூட்டு. உதவித்தொகைக்கு மட்டும்தான்ணே. வேற ஒரு ஈ எறும்பு பாக்க முடியாது."

"பூட்டுன்னா சாவி இருக்குமே. அது யார்கிட்ட?"

"நீங்க இருக்கீங்களே!" என்று அவர் சிரித்தார். "எல்லாத்தையும் பூட்டுக் கண்ணாலயே பாத்தா எப்படி? என்மேல நம்பிக்கை இல்லையா?"

தம்பி விரல் வைக்க ஒப்புக்கொண்டான். அவனுக்குக் கூச்சம் அதிகம்.

நான் மாட்டேன் என்றேன். எழுத்து தெரியாதவள் நான். ஆயுசு முழுக்கப் பெருவிரல்தான் என் கையெழுத்து. வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் நான் வைத்த ரேகை அந்தத் தாளோடு நின்றது. தாளைக் கிழித்தால் அதுவும் கிழிந்தது. இது எங்கே போய் உட்காரும் என்று சொல்லத் தெரியாதவர்களிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்? "உதவித்தொகை வராது அக்கா" என்றார் பதிவுக்காரர். "வராட்டிப் போகட்டும். இத்தன நாள் அது குடுத்தா சாப்பிட்டேன்?" என்றேன். இன்றுவரை வரவும் இல்லை, நான் வைக்கவும் இல்லை.

தம்பியின் விரலை மெஷின் ஏற்கவே மாட்டேன் என்றதுதான் வேடிக்கை. அரம் பிடித்துப் பிடித்து ரேகை மழுங்கியிருந்தது. இரும்புத்தூள் ஏறிக் கறுத்திருந்தது. கண்ணாடியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாலும் சிவப்பு. அவன் சந்தோஷமாக எழுந்துவிட்டான். பதிவுக்காரர் விட்டால்தானே? "உங்களை வெறுங்கையோட அனுப்புவேனா?" என்று ஈரத்துணி கொண்டுவந்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்து, பத்தும் பச்சை விளக்கு எரிகிறவரை விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவ்வளவு பிரியம்.

அதற்குப் பிறகு எல்லாம் மறந்து போனது. விதிமுறை மாறியதோ, மாற்றினார்களோ, எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

ஒருநாள் காலை தம்பி பெண்டாட்டி தலைமுடியைக்கூட முடியாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அவரப் போலீஸ் கூட்டிட்டுப் போறாங்க. பல்லு கூட விளக்க விடல."

எங்கள் ஊர்த் துணிக்கடைக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த சமயம் அவர் வீட்டில் திருட்டு. பின்கதவுப் பூட்டிலிருந்து விரல் ரேகை எடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த ரேகையைத் திருடர்களின் ரேகையோடுதான் வைத்துப் பார்ப்பார்களாம். இப்போது பதிவு நிலையத்தில் விரல் வைத்த அத்தனை பேருடைய ரேகையோடும் வைத்துப் பார்க்கிறார்கள். மெஷின் என் தம்பியின் பெயரைத் துப்பிவிட்டது.

ஸ்டேஷனில் அவனை ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கேயும் குனிந்துதான் இருந்தான்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. இவர் விரல் பூட்டுல இருக்கு" என்றார் அதிகாரி.

"இருக்கும்தான். ரிப்பேர் பண்ணினவன் விரல் பூட்டுல இல்லாம வேற எங்க இருக்கும், ரொட்டியிலயா?" என்றேன். "இவன் விரல் படாத பூட்டு இந்த ஊர்ல எதுன்னு உங்க மெஷினக் கேளுங்க. உங்க லாக்கப் பூட்டுக்குப் போன மழைக்கு எண்ணெய் போட்டது யாரு? அதுலயும் இருக்கும். அப்ப லாக்கப்பையும் இவன்தான் திருடினானா?"

ஒரு காவலர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

துணிக்கடைக்காரரும் அங்கே நின்றார். பூட்டைப் பழுது பார்த்தது இவன்தான் என்று அவர் வாயால் சொன்னால் போதுமே என்று அவர் பக்கம் திரும்பினேன். சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? "ஆமா, ரிப்பேர் பண்ணது இவர்தான். அதனாலதான எங்களுக்குச் சந்தேகமே. உள்ள எப்படி இருக்கும்னு இவருக்குத்தான தெரியும்?" என் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் வீட்டு மெழுகையும் அவர் கண்முன்னால்தான் தம்பி நசுக்கியிருந்தான்.

நான் அங்கிருந்து நேரே தெருமுனை வீட்டுக்குப் போனேன். "உதவித்தொகைக்குன்னு சொல்லித்தான் இவர்கிட்ட வாங்கினோம்னு ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றேன். பதிவுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் வந்து நின்னா என் வேலை போயிடும் அக்கா. அதுவும் இல்லாம, தப்பு பண்ணலன்னா பயப்பட என்ன இருக்கு?"

அந்தக் கதவுக்குள்தான் அவர் குழந்தை அன்றைக்குக் கதறியது.

உண்மையான திருடன் வேறு ஊரில் வேறு திருட்டில் பிடிபட்டான். குளியலறை ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே போய், அதே வழியில் வெளியே வந்திருக்கிறான். பின்கதவுப் பூட்டை அவன் தொடவே இல்லை. தம்பியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிடித்துப் போகும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. விட்டுவிட்டதைத் தெருவுக்கு யார் சொல்வது? ஜீப்பிலா கொண்டுவந்து இறக்கினார்கள்? வெயிலில் நடந்து வந்தான்.

மறுநாள் கடையைத் திறக்காமல் பதிவு நிலையத்துக்குப் போனான். நானும் கூடவே போனேன். வேண்டாமென்றான், கேட்கவில்லை.

"என் அச்ச நசுக்கிடுங்க" என்றான் பதிவுக்காரரிடம்.

"என்ன அண்ணே?"

"எங்கிட்டருந்து எடுத்தீங்கள்ல, அந்த ரேகை. அத என் கண்ணு முன்னால அழிச்சிடுங்க. உதவித்தொகை வேணாம்."

"அப்படியெல்லாம் அழிக்க முடியாதுண்ணே. அது இங்க இல்ல. தலைமை நிலையத்துல இருக்கு. அவங்களும் அழிக்க மாட்டாங்க."

"அப்ப அன்னைக்கு உதவித்தொகைக்கு மட்டும்னு சொன்னது?"

"அன்னைக்கு அதான் உண்மை. அப்புறம் சட்டம் மாறிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

தம்பி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டான்.

"சாவி தொலஞ்சதுன்னு வர்றவங்ககிட்ட நான் பூட்ட மாத்திடுங்கன்னு சொல்லுவேன். எனக்கு நீங்க என்ன மாத்தச் சொல்றீங்க?"

பதிவுக்காரர் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது தெருமுனை வீட்டைத் தாண்டினோம். வாசற்கதவில் பளபளவென்று புதுப் பூட்டு தொங்கியது. தம்பி போட்ட பழைய பூட்டைக் காணோம். தம்பி நின்றான், பார்த்தான், நடந்தான்.

அதன்பின் அவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தப் பூட்டை வேலை பார்த்தாலும், முடித்ததும் தோளில் கிடக்கும் துண்டால் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பான். உள்ளே, வெளியே, திருகு தலை, வளையம் எல்லாம். பயந்தவன் செய்கிற காரியம்தான். ஆனால் பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரரே தன் பெண்டாட்டியிடம் கிசுகிசுத்தாராம்: "ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு இப்படித் துடைக்கிறான்?" துடைக்காமல் விட்டால் மெஷின் பிடிக்கும், துடைத்தால் ஊர் பிடிக்கும். ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக வந்த கடையில் சாவி போட்டுக்கொண்டார்கள். அங்கே அச்சை நசுக்குவதுமில்லை, யாரும் கேட்பதுமில்லை.

இப்போது தம்பி அதே படிக்குக் கீழே குடையும் டார்ச் லைட்டும் ரிப்பேர் செய்கிறான். சுவரில் இருந்த சாவிகளைக் கழற்றிவிட்டான். பஸ் புறப்பட்டால் அங்கே சத்தமே வருவதில்லை. வெறும் ஆணிகள்.

போன வாரம் என் வீட்டு முன்கதவுப் பூட்டு இறுகிக்கொண்டது. சாவி போகிறது, திரும்பவில்லை. அவனை வரச் சொன்னேன். வந்தவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாவிய முழுசா உள்ள தள்ளாத அக்கா. ஒரு நெல்லளவு வெளிய இழு. இப்ப மேல தூக்கின மாதிரி திருப்பு."

"நான் எதுக்குடா திருப்பணும்? நீ எதுக்கு வந்த?"

"நான் சொல்றேன்ல, நீ செய்."

"எனக்கு இந்த வித்தையெல்லாம் வராது. நீ தொடு."

"வேணாம் அக்கா. நாளைக்கு உன் வீட்டுல ஒண்ணு காணாமப் போச்சுன்னா?"

"காணாமப் போக இங்க என்ன இருக்கு? போனா போகுது! என் பூட்டுடா இது. கைய வையின்னா வை."

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எனக்கு இந்த வயதிலும் கொஞ்சம் பலம் இருக்கிறது. இழுத்துக்கொண்டுபோய்ப் பூட்டின் மேல் வைத்தேன். அவன் விரல்கள் பட்டதும் அவனை அறியாமலே வேலை செய்யத் தொடங்கிவிட்டன. சாவியை ஒரு ஆட்டு, ஒரு தட்டு, ஒரு திருகு. பூட்டு வாயைத் திறந்தது. அவன் முகத்தில், கட்டிலை நகர்த்தியபோது அப்பாவுக்கு வந்த அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. நானும் சிரித்தேன். உட்காரு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது அவன் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கூடப் பிறந்தவள் வீட்டுப் பூட்டை, மூலை முடுக்கெல்லாம் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.