ஏலே என்று கூப்பிட்டதற்கு

நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் இன்று ரத்தம் பார்த்தேன்.

லோடு ஏற்றும் மாடசாமி மாமாவும் முதலாளியும் சிறுவயதுக் கூட்டாளிகள்.

"ஏலே சீனி, சாப்பிட்டியாலே?" என்று மாமா வழக்கம்போல் முதலாளியைக் கேட்டார்.

புதிதாகப் பொறுப்புக்கு வந்த முதலாளி மகன், "எங்கப்பாவ ஏலேன்னா கூப்பிடுத?" என்று கையிலிருந்த பூட்டால் அவர் நெற்றியில் அடித்தார்.

முதலாளி ஓடிவந்து மகனைச் சுவரோடு தள்ளிச் செருப்பால் விளாசினார். நிறுத்தவே இல்லை.

ரத்தம் ஒழுக, மாமா அவர் கையைப் பிடித்தார். "போதும், விடுங்க முதலாளி."

செருப்பு கீழே விழுந்தது. "ஏலேன்னு சொல்லுலே மாடா," என்று முதலாளி கெஞ்சினார். மாமா சொல்லவில்லை.

சுற்றிலும் பேண்டேஜ்தான். மாமாவின் நெற்றிக்கு நான் கட்டுப் போட்டுவிட்டேன்.

முதலாளிக்கு எங்கே கட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.