ஓர் எழுத்தும் ரசகற்பூரமும்

பேரனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் அவனைத் தூக்கிக்கொண்டு அங்கேயே ஓடினோம். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வரும், போகும் என்று என் மனைவி ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் அவன் நனைத்த துணியை நான் பார்த்திருந்தேன். பால் விடாத டீயின் நிறம். அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

குழந்தை டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். என் மகளைவிட ஓரிரு வயது கூடுதலாக இருக்கலாம். பிள்ளையை உரித்து, கண்ணைக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் போட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மஞ்சளின் அளவு பதினாறு.

“எதுவரைக்கும் போகலாம்?” என்று கேட்டேன்.

“இவனுக்கு இருபதுன்னு வெச்சுக்கலாங்க. தாண்டுச்சுன்னா ரத்தத்தையே மாத்தோணும்.”

“மாற்றாவிட்டால்?”

“மஞ்சள் மூளைக்குப் போயிரும். மொதல்ல காதுதான் அடிபடும்.”

இன்னும் நான்கு இருக்கிறது என்று என் மனம் உடனே கழித்துப் பார்த்துக்கொண்டது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் எண்ணுவதுதான் வேலை. கண்ணில் படுவதை எண்ணாமல் இருக்க எனக்கு வராது. விளக்கில் குழல்கள் ஆறு. ஒன்று மங்கலாக எரிந்தது. அதை நர்ஸிடம் சொன்னேன். “சும்ம இருங்கப்பா” என்றாள் மகள். மருமகன் கப்பலில் வேலை செய்கிறவன். அன்று அவன் எந்தக் கடலில் இருந்தானோ, போன் எட்டவில்லை.

மாலையில் பதினேழரை. விளக்கு எரிய எரிய ஏறியது. டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. “ரத்த அணு எங்கியோ உடைஞ்சுட்டே இருக்குதுங்க. அதான் இறங்க மாட்டேங்குது. அம்மா வழியில ஆம்பளைங்க யாருக்காவது, ஏதாவது மாத்திரை சாப்பிட்டு ஒண்ணுக்குக் கறுப்பாப் போயிருக்குதா?”

அப்போதுதான் பிடிபட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மலேரியா வந்தது. கொடுத்த மாத்திரையை விழுங்கிய மூன்றாம் நாள் இதே நிறத்தில்தான் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், சரியாயிற்று. அதற்குமேல் அதை நான் நினைத்ததே இல்லை.

சொன்னதும் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பைக் கட்டுவதற்கான குறிப்பெல்லாம் நான்கே நான்கு எழுத்தில் இருக்கிறது. மூலம் உயிரணுவின் நடு அறையை விட்டு வெளியே வராது. தேவைப்படும் பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பும். வெளியே அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது ஒரு கருவி. மூன்று எழுத்துக்கு ஒரு மணி. “அம்மா கையில வெச்சிருக்கறாங்களே ஜெபமாலை, அந்த மாதிரி கோத்துட்டே போகுங்க” என்றார் என் மனைவியைக் காட்டி. கோத்து முடிந்ததும் மாலை தானே மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் எடுக்கிறது. அதுதான் புரதம். அந்த உருவம் சரியாக இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும்.

எங்கள் விஷயத்தில், ரத்தச் சிவப்பணு துருப்பிடிக்காமல் காக்கிற ஒரு புரதம். துரு என்றுதான் சொன்னார். உப்புக்காற்றில் கிரேன்கள் அரித்துப் போவதைப் பார்த்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

“அதில் எத்தனை மணி?”

டாக்டர் செல்போனில் பார்த்துச் சொன்னார். “ஐந்நூத்திப் பதினஞ்சு.”

மூன்றால் பெருக்கினேன். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்து எழுத்து. நிறுத்து என்று சொல்ல இன்னொரு மூன்று.

“அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஒரு மணி வேற மணியா விழுந்திருக்கும். மடிப்பு தளர்ந்து, புரதம் சீக்கிரம் தேஞ்சுபோகுது.”

ஆயிரத்து ஐந்நூறு மூட்டையில் ஒன்று மாறினால் கப்பல்காரன்கூடச் சண்டைக்கு வரமாட்டான். அதைச் சொன்னேன். தேய்ந்தால் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியதுதானே என்றும் கேட்டேன். முடியாதாம். சிவப்பணு முதிரும்போதே மூலம் இருக்கும் அறையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. கரையை விட்ட கப்பல் மாதிரி, ஏற்றிக்கொண்டு போனதை வைத்துத்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். சாதாரண நாளில் ஓட்டிவிடும். ஒவ்வாத பொருள் ஒன்று உள்ளே போனால் கூட்டமாக உடைந்துவிடும்.

அந்த எழுத்து இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு அது ஒன்றுதான். என்னிடம் இருந்த அந்த ஒன்று அப்படியே மகளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு அவள் அம்மா கொடுத்த நல்லது இன்னொன்று உண்டு, தப்பித்துக்கொண்டாள். இரண்டில் என்னுடையதைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு மாற்று இல்லை. மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

“ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பறேன், முடிவு வரட்டும். ஆனா ஒவ்வாத பொருள் ஏதோ உள்ள போயிருக்கோணும். நாட்டு மருந்து? மருதாணி? கற்பூரம்? பாச்சை உருண்டை?”

“நாங்க வேதக்காரங்க டாக்டரம்மா. கற்பூரமெல்லாம் கொளுத்த மாட்டோம்” என்றாள் என் மனைவி.

“பாச்சை உருண்டை?”

“பச்சப் பிள்ளைக்கு யாராச்சும் உருண்டை குடுப்பாவளா? தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல.” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பாச்சை உருண்டை என்றால் ஏதோ லேகியம் என்று நானும் நினைத்தேன். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்தொன்பது. இன்னும் ஒன்று. மனைவி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் துணிமூட்டை கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. வயதானவர் உடுத்திய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவது, ஆயுசு கெட்டி என்று. பேரப்பிள்ளை வரும் என்று அவள் வருடக்கணக்காக என் பழைய வேட்டிகளைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் சேர்த்திருந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவனுக்கு அதுதான் துணி. இங்கேயும் விளக்கிலிருந்து எடுத்து, மகளின் அறையில் பால் கொடுக்கும்போதெல்லாம் அவனை அதில்தான் சுற்றினோம்.

பதினொரு மணிக்கு டாக்டர் அந்த அறைக்கே வந்தார். கையில் சம்மதக் கையெழுத்துக்கான தாள். பத்தொன்பது புள்ளி ஆறு. ரத்தம் ஏற்பாடாகிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது என்றார். ரத்தம் மாற்றும்போது என்னென்ன நேரலாம் என்று தாளில் வரிசையாக இருந்தது. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் பிள்ளையை வாங்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

“இதென்ன வாசம்?”

“ரசகற்பூரம்மா” என்றாள் மனைவி. “பெட்டியில துணிக்குப் போடுவோம்லா, பூச்சி வராம.”

“வெள்ளையா, உருண்டையா?”

“ஆமா.”

“அதைத்தானுங்க அம்மா நேத்துக் கேட்டேன்.”

“நீங்க திங்கிற உருண்டையில்லா கேட்டிய” என்றாள் மனைவி. பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. புரிந்துவிட்டது.

டாக்டர் துணியை அவிழ்த்து அறைக்கு வெளியே எறிந்தார். நர்ஸ் பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். மகளின் நைட்டியையும் மாற்றச் சொன்னார்கள். அந்த வாடை காற்றிலேயே ஏறுமாம், தோலிலும் இறங்குமாம். நான் தாளை நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை.

“கையெழுத்து இருக்கட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பார்க்கலாம். இருபதைத் தொட்டா உடனே மாத்திருவேன்.”

அந்த இரண்டு மணி நேரம் மனைவி பிள்ளையின் பக்கம் போகவில்லை. நடைபாதை பெஞ்சில் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எங்கையால நானே சுத்தினேன்” என்றாள். என் எழுத்து இல்லாவிட்டால் உன் ரசகற்பூரம் அவனை ஒன்றும் செய்திருக்காது என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. உண்மையில் எனக்கும் இல்லை.

பத்தொன்பது புள்ளி ஏழு. ஏறியிருந்தது. ஆனால் பத்தில் ஒரு பங்குதான். மாலையில் பத்தொன்பது. மறுநாள் பதினேழு.

“இறங்குதா?” என்றாள் மகள்.

“இறங்குகிறது.”

“எவ்வளவு?”

“இரண்டு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

டெஸ்ட் முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. என் ரத்தத்திலும் அதேதான். மாறிய எழுத்து மாறியதுதான், அதைத் திருத்த வழியில்லை. ஒவ்வாததை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். மனைவி டிரங்குப் பெட்டியை மொட்டைமாடியில் கவிழ்த்துவிட்டாள். எனக்கு அந்த மஞ்சளின் பயம் போகவில்லை. அவனுக்குப் பின்னால் தட்டைக் கீழே போடுவேன், அவன் திடுக்கிட்டால் மகள் என்னைத் திட்டுவாள்.

மூன்றாம் மாதம் காதுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். காதில் சின்னக் குழாயை வைத்து, மெஷினைப் பார்த்து, இரண்டு காதும் சரி என்றாள் பரிசோதித்த பெண். நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தாள்.