நாலாம் நம்பர் மிஷின்

புடவைக் கடையில்கூட மணிமொழி அவ்வளவு நேரம் நின்றதில்லை. நிற்கிற அளவுக்கு அவளை யார் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனார்கள்? அம்மா ராணியம்மாள் தீபாவளிக்கு ஒன்று எடுத்துவந்து கையில் கொடுப்பாள், அதோடு சரி. ஆனால் சின்னசேலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தனக்கென்று ஒரு மிஷின் பொறுக்க அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

மொத்தம் ஒன்பது தமிழ் மிஷின்கள். எல்லாவற்றிலும் உட்கார்ந்து அடித்துப் பார்த்தாள். எட்டில் ‘ய’ வெளிறிப்போய் விழுந்தது. ‘ய’ இடதுகைச் சுண்டுவிரலின் எழுத்து. அந்த விரலைப் பத்து வயதில் கரும்புத் தோகை அறுக்கும்போது அரிவாள் பதம் பார்த்திருந்தது. அன்றிலிருந்து அது பாதிதான் நிமிரும். நாலாம் நம்பர் மிஷினில் மட்டும், தொட்டதும் ‘ய’ கறுப்பாக விழுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்டிடியூட் நடத்தும் கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு. “எல்லாம் புது மிஷினுக்கு அடிச்சிக்கினு இருக்காங்க, நீ இன்னாம்மா இந்தக் கெழடப் புடிச்சிக்கினு? இதுல ஸ்பேஸ் பார் தகராறும்மா.”

தகராறு இதுதான். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடம் விட அந்தப் பட்டையைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மிஷின் நகர வேண்டும். நாலாம் நம்பர் ஒரு தட்டுக்கு அசையாது. இரண்டாவது தட்டுக்குத்தான் மனம் இரங்கும்.

“ரெண்டு தபா தட்டிக்கிறேன் சார்,” என்றாள் மணிமொழி.

தட்டினாள். ஒன்றரை வருஷம், நாள் தவறாமல். லோயரும் ஹையரும் அதிலேயே பாஸ் செய்தாள். நடுவில் ஆத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தபோது, “இந்த ஸ்பேஸ் பாரையும் சரி பண்ணிடலாமா?” என்று கொளஞ்சியப்பன் கேட்டார். மணிமொழி பதறிப்போய் மிஷின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டாள். அவன் ஸ்குரூவைத் தொட்டால் எல்லா எழுத்துக் கட்டையும் இறுகிவிடும், ‘ய’ போய்விடும் என்று பயம். வேலை செய்கிற பொருளைக் குறையோடு அப்படியே விட்டுவிடுவது எங்கள் ஊர்ப் புத்தி. அறுந்த செருப்பை ஊக்குக் குத்தியே மூன்று வருஷம் ஓட்டுகிற ஜனம் நாங்கள். அவளை மட்டும் என்ன சொல்ல?

எண்பத்தேழாம் வருஷம் வேலைவாய்ப்பு ஆபீஸ் வழியாக அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை, இருப்பது ஒரே இடம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. கீழே ஒரு வரி: மிஷினைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் அப்படித்தான், சாப்பாட்டுக்குத் தட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்வது மாதிரி. அப்பா செத்து நாலு வருஷம். அம்மாவும் அண்ணன் வெற்றிவேலும் கூலிக்குப் போய்த்தான் அவளைப் படிக்கவைத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் ராணியம்மாள் கரும்புக் காட்டை விட்டு வெளியே வருவாள். வீட்டில் மூன்று பேருக்கும் இதே நினைப்புதான்.

ஆனால் அதே வியாழக்கிழமைதான் இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிப்போட்டுச் சாலை மறியல் தொடங்கும் நாள். வெற்றிவேலும் அதில் தீவிரமாக இருந்தான். “யாருக்காகப் போறேன்னு நெனச்ச? உன்ன மாதிரி படிச்சதுங்க வூட்ல குந்திக்கினு இருக்குதே, அதுக்குத்தான்,” என்பான். “ஏழு மணிக்குத்தான் மரத்துல கை வெக்கிறது. ஆறு மணி பஸ்ஸுல நீ தாண்டிப் பூடலாம். நான் பேசி வெச்சிருக்கேன்.”

புதன்கிழமை சாயங்காலமே கொளஞ்சியப்பனிடம் கேட்டு நாலாம் நம்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ராணியம்மாள் அதற்குக் குங்குமம் வைத்தாள்.

வியாழன் விடிகாலையில் வெற்றிவேல் தலையெல்லாம் மரத்தூளோடு வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“முன்னாடியே வெட்டிட்டாங்க மணி. ஆறு மணி வண்டிய வுட்டுட்டு வெட்டலாம்னு சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல.”

“நீ?”

“நானும்தான் ரம்பம் இழுத்தேன். எல்லாரும் இழுக்கசொல்ல நான் மட்டும் எப்படி நிக்கறது?”

அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, அம்மாவின் பழைய புடவையில் கட்டிய மிஷினைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டான். பதினைந்து கிலோ இரும்பு. கள்ளக்குறிச்சி எட்டு மைல். “நடடி, ஒம்பதுக்கெல்லாம் போயிடலாம்,” என்று முன்னால் நடந்தான்.

ரோடு முழுக்கப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. ஒவ்வொரு மரத்தையும் அவள் முதலில் ஏறித் தாண்டி, மிஷினை வாங்கிப் பிடித்துக்கொள்வாள். அவன் ஏறி வந்து மறுபடி தலையில் வைத்துக்கொள்வான். வழியில் நின்றவர்கள் கேலி செய்தார்கள், சிலர் கை கொடுத்தார்கள். ஆறு மைல் இப்படியே போயிற்று. அடுத்த மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் வேன் நின்றது.

மறியல் நடக்கிற நாளில், மரத்தூள் படிந்த ஒருவன், புடவையில் சுற்றிய டைப்ரைட்டரைத் தலையில் சுமந்து வருகிறான். போலீஸ்காரருக்கு வேறென்ன தோன்றும்?

“எந்த ஆபீஸ்ல புகுந்து தூக்கினடா?”

மணிமொழி கடிதத்தைக் காட்டிக் கத்தினாள். அவர்கள் படித்தார்கள். “நீ போம்மா, இவன் வரமாட்டான். மிஷினும் வராது,” என்றார் ஒருவர். மிஷினை விடாமல் பிடித்திருந்த வெற்றிவேலின் மணிக்கட்டில் லத்தி விழுந்தது. நாலாம் நம்பர் ரோட்டில் விழுந்தது. வேனில் ஏற்றும்போது அவன் கத்தினான்: “நீ போ பாப்பா! பத்து மணிக்குள்ள போயிடு!”

போனாள். அண்ணனை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போனாள் என்று கேட்காதீர்கள். அவளே முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேர்வு நடத்தியவர் நல்ல மனிதர். நடந்து வந்த பெண்ணின் காலைப் பார்த்துவிட்டு ஆபீஸ் மிஷினையே கொடுத்தார். இறுகின கட்டைகள். மணிமொழி சுண்டுவிரலை ஓங்கிக் குத்தினாள். ‘ய’ விழுந்தது. கறுப்பாக, அழகாக, ஒவ்வொரு தடவையும் விழுந்தது. அந்த விரலின் பலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒன்றரை வருஷம் அவள்தான் அதை நம்பவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “நல்ல வேகம்மா. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல. ஆனா எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு ஸ்பேஸ் விட்டிருக்கியே. ஒவ்வொண்ணும் ஒரு தப்பு. நான் எப்படிம்மா மார்க் போடறது?”

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இரண்டு இரண்டாகத் தட்டியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து வெற்றிவேல் கடலூர் ஜெயிலிலிருந்து வந்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையால் இனிக் கரும்பு வெட்ட முடியாது. வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

“மிஷின் இல்லாமதான வேல பூட்டுச்சு?”

அப்போது அவளுக்குக் கோபம். அம்மா இன்னும் காட்டில் குனிந்துகொண்டிருக்கிறாளே என்ற கோபம், ரம்பம் இழுத்தானே என்ற கோபம். “ஆமா,” என்றாள்.

இரண்டு வருஷத்தில் இட ஒதுக்கீடு வந்தது. ஊரே வெடி வெடித்தது. வெற்றிவேல் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மணிமொழிக்கு நைனார்பாளையத்தில் கல்யாணம் ஆயிற்று. பொங்கல் வரிசை கொண்டுவரும்போதெல்லாம் அவன் வாசலிலேயே நிற்பான். “உன் பொழப்ப நானே வெட்டிப் போட்டுட்டேன் மணி,” என்பான். “அத வுடுணா” என்பாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். பதினெட்டுப் பொங்கல் போனது. மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. அவன் கடைசிவரை தன் மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தான்.

கொரோனா சமயத்தில் மகள் அருள்மொழி கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். பதினைந்து நாள் செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு கீபோர்டு வாங்கினாள். மெக்கானிக்கல் கீபோர்டாம், ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகச் சத்தம் போடுமாம். புரோகிராம் எழுத இதுதான் வாகு என்றாள்.

“சிவப்பு, நீலம்னு கட்டையிலயே தினுசு இருக்குதும்மா. நான் லேசா அமுங்கறதா பாத்து எடுத்தேன். நீயும் டைப் அடிச்சவதான, அடிச்சிப் பாரேன்.”

மணிமொழி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே தமிழை வைத்துக் கொடுத்தாள் மகள். விரல்கள் இடம் கண்டுபிடித்துக்கொண்டன. ஒரு வரி அடித்தாள்.

அருள்மொழி திரையைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னாம்மா, எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு தபா ஸ்பேஸ் தட்டியிருக்க?”

மணிமொழி கையை எடுக்கவில்லை.

“உங்க மாமா மேல தப்பு இல்லடி,” என்றாள். அவனிடம் சொல்லவேண்டியதை, ஒன்றும் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.